ஆப்பிடம் சொன்னது

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஷிஃப்ட் முடிந்து வந்ததும், எல்லோரும் தூங்கிய பிறகு, வயிறு வலிக்கும்வரை தின்பேன். அம்மாவிடம் சொன்னால், "சாப்பிடுறதெல்லாம் ஒரு வியாதியாடா?" என்பாள். அதனால் ஒரு சுயஉதவி ஆப்பிடம் சொன்னேன். அது முகம் சுளிக்காது.

மூன்றாம் வாரம் எழுதுவதை நிறுத்தினேன். "உங்களைக் காணோமே!" என்று நோட்டிஃபிகேஷன் வந்தது. அந்த மாதிரி வரிகளை நானே கோட் செய்திருக்கிறேன். மறுமுனையில் தேட ஆளில்லை என்று தெரியும்.

2023இல் அமெரிக்காவின் தேசிய உணவுக்கோளாறு சங்கம் தன் 'டெசா' சாட்பாட்டை நிறுத்தியது. உதவி கேட்டவருக்கே அது எடை குறைக்க யோசனை சொன்னதாகப் புகார். பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2017இல், அடக்கமுடியாமல் உண்பவர்களுக்கு முதலில் சுயஉதவியைத்தான் பரிந்துரைத்தது. ஆனால் கூடவே ஒரு மனிதரின் சிறு துணையோடு.

நேற்று அம்மாவிடம் ஆப்பைக் காட்டினேன். வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. இன்று ராத்திரி கதவைத் திறந்தவள், "எழுதினியாடா?" என்றாள்.