உள்ளே விட்ட துணி

லண்டன் போய் வந்தவர்களைக் கேட்டால் பாலம், அரண்மனை, மெழுகு பொம்மை என்று அடுக்குவார்கள். நானும் அதையெல்லாம் பார்த்தேன். ஆனால் ஊர் திரும்பி இத்தனை நாளாகியும் மனசை விட்டுப் போகாமல் இருப்பது ஒரு தையற்காரர் தெரு! 'சாவில் ரோ' என்று பெயர்.

பிக்காடில்லி சர்க்கஸ் ரயில் நிலையத்திலிருந்து ஐந்தாறு நிமிஷ நடைதான். ஜேஜே என்று கூட்டம் நெரியும் ரீஜன்ட் தெருவுக்குப் பின்பக்கம், அமைதியாக நீண்டு கிடக்கிறது. 1730-களில் பர்லிங்டன் பிரபு என்பவர் தன் நிலத்தில் வீடுகள் கட்டி, தெருவுக்குத் தன் மனைவி டோரதி சாவிலின் குடும்பப் பெயரை வைத்தாராம். ஆண்கள் போடும் கோட்டுக்கு உலகப் புகழ் பெற்ற தெருவுக்கு ஒரு பெண்ணின் பெயர்! இது எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

அழைத்துப் போனவர் என் மாப்பிள்ளை. அங்கே கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. ஆனால் அவர் அப்பா, தாத்தா எல்லாரும் தையற்காரர்கள். சம்பந்தி இன்றும் திண்டுக்கல்லில் கடை வைத்திருக்கிறார். எழுபது வயதிலும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மெஷினில் உட்காருகிறார். எப்போது பேசினாலும் கடைசியில் ஒரே பேச்சுதான்: "எனக்கப்புறம் இந்தக் கத்தரிய யாருங்க எடுக்கப் போறாங்க? ஒரே பையன். அவனும் சீமைக்குப் போயிட்டான். இருக்கறதும் ஒத்தப் பேத்தி..."

சாவில் ரோவில் நடக்கும்போது கடை வாசலைப் பார்த்தால் போதாது. குனிந்தும் பார்க்க வேண்டும். தெரு ஓரத்தில் இரும்புக் கம்பி வேலி. அதன் வழியே கீழே எட்டிப் பார்த்தால் நிலவறை மாதிரி ஓர் அறை, நல்ல வெளிச்சம். அங்கே மடியில் கோட்டை வைத்துக்கொண்டு கையாலேயே தைத்துக்கொண்டிருக்கிறார்கள்! என் பேத்திக்குப் பதினொரு வயது. கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவள் எழுந்திருக்கவே மாட்டேன் என்கிறாள்.

"அம்மாச்சி, அங்க பாருங்க! திண்டுக்கல் தாத்தா மாதிரியே விரல்ல தொப்பி மாட்டியிருக்காங்க!"

என் பெண்ணுக்கோ மூன்றாம் நம்பர் வீட்டு மாடியின் மேல்தான் கண். 1969 ஜனவரி 30-ம் தேதி பீட்டில்ஸ் பாட்டுக்காரர்கள் அந்த மொட்டை மாடியில் ஏறிப் பாடினார்களாம். மாப்பிள்ளை அந்தப் பக்கம் திரும்பக்கூட இல்லை. அவரும் மகளோடு சேர்ந்து குனிந்து நின்றுவிட்டார்.

இங்கே தைப்பதற்கு 'பிஸ்போக்' என்று பெயர். "இந்தத் துணி இன்னாருக்கென்று பேசி வைத்தாயிற்று" என்பதிலிருந்து வந்த வார்த்தை. நம் ஊரில் பெண் பேசி முடிக்கிற மாதிரி! இருபதுக்கும் மேற்பட்ட அளவுகள் எடுத்து, பழுப்புக் காகிதத்தில் அந்த ஆளுக்கென்றே மாதிரி வெட்டி, அதை வைத்துத்தான் துணியில் கத்தரி போடுகிறார்கள். வெள்ளை நூலில் ஓட்டுத் தையல் போட்டு, உடம்பில் மாட்டிப் பார்த்து, பிரித்து, மறுபடி தைத்து... ஒரு கோட்டு சூட்டுக்குக் குறைந்தது ஐம்பது மணி நேரக் கைவேலை. கைக்கு வர மூன்று மாதம்கூட ஆகும். விலையைக் கேட்காதீர்கள்! நாங்கள் போனபோது 5,000 பவுண்டு, அதாவது நம் பணத்தில் ஐந்து லட்ச ரூபாய்க்கு மேல் இருந்தது!

நாங்கள் உள்ளே போன ஒரு கடையில் பெரியவர் ஒருவர் அன்பாகப் பேசினார். "இரண்டு தோளும் சமமாக உள்ள ஆளை நான் பார்த்ததே இல்லை" என்று சிரித்தார். பையை எப்போதும் ஒரே தோளில் மாட்டினால் அந்தப் பக்கம் இறங்கிவிடுமாம். எனக்குச் சட்டென்று பேத்தியின் புத்தக மூட்டைதான் ஞாபகம் வந்தது. கம்பளிக் கோட்டு வைத்திருக்கும் சகோதரிகளுக்கு அவர் சொன்ன இன்னொரு யோசனை: அடிக்கடி சலவைக்குப் போடாதீர்கள். பிரஷ்ஷால் தூசி தட்டி, அகலமான ஹேங்கரில் மாட்டி, ஒருநாள் உடுத்தினால் மறுநாள் ஓய்வு கொடுங்கள்.

பதினைந்தாம் நம்பரில் இருக்கிறது ஹென்றி பூல் கடை. 1806-ல் ஜேம்ஸ் பூல் என்பவர் ஆரம்பித்தது. அவர் மகன் ஹென்றி காலத்தில் சாவில் ரோவில் கொடி பறந்தது. 1865-ல் வேல்ஸ் இளவரசருக்கு, விருந்துக்குப் போட்டுக்கொள்ள வால் இல்லாத குட்டைக் கோட்டு ஒன்று தைத்தார்கள். இன்று 'டின்னர் ஜாக்கெட்' என்று உலகமே போடுகிறதே, அதற்கு அதுதான் முன்னோடி என்கிறார்கள். எழுத்தாளர் டிக்கன்ஸ், பிரதமர் சர்ச்சில் என்று வாடிக்கைக்காரர்கள். ஆனால் பெரிய இடத்துக் கணக்கு என்றால் கடன் கணக்கும் பெரிசுதானே? 1876-ல் ஹென்றி பூல் இறந்தபோது மிஞ்சியது கடன்தான். கடையைத் தூக்கி நிறுத்தியவர் மகன் இல்லை. உறவுக்காரரான சாமுவேல் கண்டி. அந்தக் கண்டி குடும்பம்தான் தலைமுறை தலைமுறையாக இன்றும் நடத்துகிறது. 1961-ல் பழைய கட்டடம் இடிபட்டு, பக்கத்துத் தெருவுக்குப் போய், 1982-ல் மறுபடி சாவில் ரோவுக்கே வந்து சேர்ந்திருக்கிறார்கள்!

"பாத்தீங்களா மாப்பிள்ளை, நேர் வாரிசு இல்லாமலே இருநூறு வருஷம் தாண்டிடுச்சே!" என்றேன்.

"ஆமா அத்தை" என்றவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "நான் கடைய விட்டுட்டு வந்ததுல அப்பாவுக்கு வருத்தம். என்னைப் படின்னு சொன்னதும் அவருதான். அதான் அவராலயும் திட்ட முடியல, என்னாலயும் பதில் சொல்ல முடியல" என்றார். கல்யாணமாகிப் பதினாலு வருஷத்தில் அவர் என்னிடம் இப்படி மனம் விட்டுப் பேசியது அன்றைக்குத்தான்.

அந்தப் பெரியவர் ஒரு பழைய கோட்டை உள்பக்கம் திருப்பிக் காட்டினார். தையலுக்கு உள்ளே ஓர் அங்குலத்துக்கு மேல் துணி மடிந்து கிடந்தது. நாளைக்கு உடம்பு பெருத்தால் பிரித்து விடலாம். அப்பாவின் கோட்டை மகனுக்கும் சரிசெய்து கொடுக்கலாம். அடடா, இது நமக்குத் தெரியாததா! வளரும் பெண்ணின் பாவாடைக்கு உள்மடிப்பு வைக்கிறோம். "ரவிக்கைக்கு உள்ளே துணி விட்டுத் தைங்க" என்று தையற்காரரிடம் இரண்டு தடவை சொல்லிவிட்டு வருகிறோம். வெளியே தெரியாத அந்தத் துணிதான் அடுத்த காலத்துக்கு. தொழிலும் அப்படித்தானோ என்று தோன்றியது. இன்னாருக்குத்தான் என்று இறுக்கித் தைத்துவிட்டால் அடுத்தவர் உடம்புக்கு ஏறாது.

இந்தத் தெருவில் பெண்கள் வெகுகாலமாகவே உண்டு. காஜா எடுப்பது, உள்துணி வைத்துத் தைப்பது போன்ற முடிப்பு வேலை பெரும்பாலும் அவர்களுடையது. அளவெடுத்து வெட்டுகிற பெரிய மேஜை மட்டும் ஆண்களுக்கு. 2009-ல்தான் கேத்ரின் சார்ஜென்ட் என்ற பெண், இங்குள்ள ஒரு பெரிய கடைக்குத் தலைமைக் கட்டிங் மாஸ்டர் ஆனார். தெருவில் முதல் பெண் அவர். 2016-ல் தன் பெயரிலேயே இங்கே கடையும் திறந்தார். இப்போது தொழில் பழக வருகிறவர்களில் பெண்கள் நிறையப் பேர்!

இதைக் கேட்டதும் பேத்தி அப்பாவின் கையைப் பிடித்து இழுத்தாள். "அப்பா, நான் தாத்தாகிட்ட கத்துக்கட்டுமா? ஸ்கூலும் போறேன், இதுவும் கத்துக்கறேன்!"

"தாத்தாவைக் கேளும்மா" என்றார் மாப்பிள்ளை. குரல் கம்மிப் போயிருந்தது.

ஊர் திரும்பியதும் திண்டுக்கல் போய்ச் சம்பந்தியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இளவரசர் கோட்டு, ஐந்து லட்ச ரூபாய்... எதற்கும் அவர் அசரவில்லை. "உள்ள எவ்வளவு விடறாங்களாம்?" என்று மட்டும் கேட்டார்.

"ஓர் அங்குலத்துக்கு மேலேயே விடறாங்க."

"நானும் அவ்வளவுதாங்க விடறேன்" என்றார் திருப்தியாக. பேத்தி கேட்டதைச் சொன்னேன். பதிலே இல்லை. கத்தரியைத் துடைத்து வைத்தார், நூல்கண்டுகளை அடுக்கினார். நான் கிளம்பும் சமயத்தில் மெல்லக் கேட்டார்:

"ஆகஸ்டு லீவுக்குப் பாப்பா வருதுல்ல? இந்த ஸ்டூலு அதுக்கு எட்டாது. வேற ஒண்ணு பாக்கணும்."