டம் டம் பாறையில் காது கொடுங்கள்!

கொடைக்கானல் பயணம் என்று தீர்மானமானதும் வீடு அமர்க்களப்படும். கம்பளிச் சட்டைகள் வெயிலுக்கு வரும். புளியோதரைக்குப் புளி ஊறும். ஆனால் நம் எல்லோரையும் சுமந்துகொண்டு 7,000 அடி உயரம் ஏறப் போகிற காரின் சௌக்கியத்தை விசாரிப்பவர் எத்தனை பேர்? அதற்கு வாய் இல்லையே என்று நினைக்காதீர்கள். உடம்பு சரியில்லை என்றால் அது தட்டிச் சொல்லும். அந்தத் தட்டலின் பாஷையைக் கற்றுக்கொள்ளப் பழனி மலையைப் போன்ற பள்ளிக்கூடம் வேறு கிடையாது.

ஒரு காலத்தில் இந்த மலைக்கு மோட்டார் பாதையே இல்லை. பெரியகுளம் பக்கம் கிருஷ்ணம்மா நாயக்கன் தோப்பிலிருந்து நடந்தும், குதிரையிலும், டோலியிலும் ஏறினார்கள். வத்தலக்குண்டு வழியாகச் செல்லும் மலைப் பாதை 1916-ல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. அன்று சுமந்தவர்கள் மூச்சு வாங்கினால் உடனே கேட்கும். இறக்கிவைத்து இளைப்பாறவும் முடியும். இன்று எஞ்சினுக்கு மூச்சு வாங்கினால், உள்ளே பாட்டும் பேச்சுமாக இருக்கும் நமக்குக் கேட்கிறதா?

வத்தலக்குண்டைத் தாண்டி ஏற்றம் தொடங்குகிறது என்று வைத்துக் கொள்ளுங்கள். உச்சி வெயில். காரில் ஆறு பேர். டிக்கி நிறையச் சாமான். கொண்டை ஊசி வளைவில் வேகம் குறைந்துவிட்டது. ஆனாலும் கியரைக் குறைக்காமல் ஆக்ஸிலேட்டரை அழுத்துகிறார் ஓட்டுகிறவர். உடனே தகர டப்பாவில் கோலிக்குண்டுகளைப் போட்டுக் குலுக்கியது போல ஒரு சத்தம். இதைத்தான் மெக்கானிக்குகள் ‘நாக்கிங்’ என்கிறார்கள்.

உள்ளே நடப்பது என்ன? பெட்ரோல் ஆவியும் காற்றும் கலந்த கலவை, ஸ்பார்க் பிளக்கின் பொறியில் தொடங்கி வரிசையாகப் பற்றிக்கொண்டு போகவேண்டும். உஷ்ணமும் அழுத்தமும் மிஞ்சினால், தீ வந்து சேருமுன்பே மூலையில் மிச்சமிருக்கும் கலவை தானாகவே ‘படீர்’ என்று வெடிக்கிறது. அந்த அதிர்ச்சி சிலிண்டர் சுவரில் மோதுவதுதான் நாம் கேட்கும் தட்டல்.

இதற்கு முதல் மருந்து காசில்லாத மருந்து. கியரைக் குறையுங்கள்; மிதித்த காலைச் சற்றுத் தளர்த்துங்கள். ஏ.சி. ஓடினால் நிறுத்துங்கள். சத்தம் அடங்கிவிட்டால் பயமில்லை. ஆனால் திரும்பத் திரும்ப வந்தால், ஊர் திரும்பியதும் பார்க்க வேண்டியவை உண்டு: பெட்ரோலின் தரம், ரேடியேட்டர் தண்ணீர், பிளக், உள்ளே படிந்த கரி. பழைய அம்பாஸடரும் ஃபியட்டும் வைத்திருப்பவர்கள் டைமிங் முந்தியிருக்கிறதா என்றும் பார்க்கவேண்டும். புதிய கார்களில் இந்தத் தட்டலைக் கேட்பதற்கென்றே ஒரு சென்ஸார் இருக்கிறது. அது சொன்னதும் கம்ப்யூட்டர் பொறியைச் சற்றுப் பிந்த வைத்துவிடுகிறது.

இனி ஒரு வேடிக்கை. கொடைக்கானலில் துவரம் பருப்பைத் திறந்த பாத்திரத்தில் வேக வைத்தால் லேசில் வேகாது அல்லவா? அங்கே காற்றழுத்தம் கடற்கரையில் உள்ளதில் முக்கால் பங்குக்குச் சற்றே அதிகம், அவ்வளவுதான். அதே காரணத்தால், டர்போ இல்லாத பெட்ரோல் எஞ்சினுக்கு மேலே போகப் போகப் பலம் குறையும். கூடவே அழுத்தம் குறைவதால் இந்தக் கோலிக்குண்டுச் சத்தமும் குறையும். அடிவாரத்தில் கேட்டது பெருமாள்மலைக்கு மேல் தானாகக் குறைந்தால், அது பெரும்பாலும் இந்த ரகம்தான்.

குறையாத சத்தம் வேறு ஜாதி. டம் டம் பாறையில் எல்லோரும் இறங்கித் தலையாறு அருவியைப் பார்ப்பது வழக்கம். 975 அடி உயரத்திலிருந்து எலி வால் போல விழும் அருவி அது. பார்க்கப் போகுமுன் வண்டியைச் சமதரையில் நிறுத்தி, எஞ்சினை மட்டும் ஓடவிட்டு ஒரு நிமிஷம் காது கொடுங்கள். பள்ளத்தில் இறங்கும்போது மட்டும் கேட்ட சத்தம் என்றால் அது எஞ்சினே அல்ல. சக்கரத்துப் பக்கத்து விஷயம், அல்லது டிக்கியில் உருளும் கூஜா! தையல் மெஷின் போல ‘டிக் டிக்’ என்றால் டேப்பட்டாக இருக்கலாம். மெதுவாக ஊருக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம். கொடைக்கானல் குளிரில் விடியற்காலையில் தட்டி, எஞ்சின் சூடேறியதும் மறைவது பிஸ்டன் சத்தமாக இருக்கலாம், அதற்கும் அவசரமில்லை. டீசல் வண்டிக்குப் பிறவியிலேயே கொஞ்சம் கடகடப்பு உண்டு.

ஆனால், உள்ளே யாரோ சம்மட்டியால் அடிப்பது போலக் கனத்த ‘டம் டம்’ கேட்டு, எஞ்சின் வேகத்தோடு அதுவும் ஏறி, ஆயில் விளக்கும் சிவப்பாக எரிந்தால்? எஞ்சினை உடனே நிறுத்திவிடுங்கள். பேரிங் தேய்ந்துவிட்டது என்பதற்கு அது அறிகுறி. “இன்னும் கொஞ்ச தூரம்தானே” என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். கனெக்டிங் ராடு முறிந்து எஞ்சினையே துளைத்துக்கொண்டு வெளியே வரக்கூடும். ஆள்நடமாட்டமில்லாத வளைவில், இருட்டில், குழந்தைகளோடு நிற்பதைவிடப் பகலிலேயே இழுவை வண்டி வரவழைப்பது எவ்வளவோ மேல்.

சத்தத்தை அடக்கினால் போதும், காரணம் எதற்கு என்று உலகமே ஒரு முறை நினைத்தது. 1921-ல் அமெரிக்காவில் தாமஸ் மிட்ஜ்லி என்பவர், பெட்ரோலில் ஈயக் கலவையைச் சேர்த்தால் நாக்கிங் நிற்கும் என்று கண்டுபிடித்தார். நின்றது. ஆனால் அந்த ஈயம் புகையோடு கலந்து தெருவெங்கும் பரவி, குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதித்தது. இந்தியாவில் 2000-ம் ஆண்டில்தான் ஈயப் பெட்ரோல் விற்பனை நின்றது. உலகில் கடைசியாக அல்ஜீரியாவில் 2021-ல் நின்றது. ஒரு தட்டலை வாய்மூட வைக்க நூறு வருஷம் கொடுத்த விலை அது!

ஆகவே, ஓட்டுகிறவர் நீங்களானாலும் சரி, பக்கத்தில் இருப்பவரானாலும் சரி, மலை ஏறும்போது ரேடியோவைச் சற்றுத் தணித்து வையுங்கள். அடுப்பில் இருப்பது கொதிக்கிறதா, அடிப்பிடிக்கிறதா என்று கூடத்திலிருந்தே கண்டுபிடிக்கிற காதுக்கு இது ஒரு பிரமாதமா? “சத்தம் வருகிறது, நிறுத்துங்கள்” என்று தயங்காமல் சொல்லுங்கள். வெள்ளி அருவியும் ஏரியும் எங்கும் ஓடிப் போய்விடாது; ஒரு மணி நேரம் தாமதமாகப் போனாலும் அங்கேயேதான் இருக்கும்.