19 எழுத்தைப் பார்த்துப் பயந்தோம்... 2 எழுத்தைக் கவனிக்கவில்லை!

"ஏண்டி, நாள் முழுக்க இங்கிலீஷைப் படிச்சுப் படிச்சுத்தானே எழுதுற... இதுக்கு என்ன அர்த்தம்னு சொல்லு!"

ஒரு சனிக்கிழமை ராத்திரி, திண்டுக்கல்லில் இருந்து அம்மா வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ அனுப்பிவிட்டு, கையோடு போனும் செய்தார். வயிற்று ஸ்கேன் ரிப்போர்ட். சாப்பிட்டால் வலது பக்கம், விலாவுக்குக் கீழே வலிக்கிறது என்று நாலு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். 'கேஸ்தான்' என்று அவரே முடிவு செய்து ஓமத்தண்ணீரும் குடித்துவந்தார். ஸ்கேன் எடுத்த இடத்தில், "திங்கட்கிழமை டாக்டர்கிட்ட காட்டுங்க" என்று மட்டும் சொல்லி அனுப்பிவிட்டார்களாம்.

ரிப்போர்ட்டின் கடைசியில் இரண்டு வார்த்தைகள். ஒன்று, கோலிலித்தியாசிஸ். ஆங்கிலத்தில் 14 எழுத்து. அடுத்த வரியில், கோலிடோக்கோலித்தியாசிஸ். 19 எழுத்து!

"இவ்ளோ நீளமா பேர் வெச்சிருக்காங்கன்னா பெரிய வியாதியாத்தான் இருக்கும்" என்றார் அம்மா. குரல் உடைந்திருந்தது.

"அதெல்லாம் ஒண்ணும் இல்லம்மா" என்று சொல்லி போனை வைத்துவிட்டு, அந்த 19 எழுத்தை கூகுளில் தேடினேன். மஞ்சள் காமாலை, தொற்று, ஆபரேஷன் என்று வரிசையாக வந்தது. எல்லாமே 'அலட்சியம் வேண்டாம்', 'உயிருக்கே ஆபத்தா?' வகைத் தலைப்புகள். அப்படித் தலைப்பு வைப்பதுதான் என் வேலையில் பாதி. அதைப் படிப்பவரின் ராத்திரி எப்படி இருக்கும் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. தூங்கவே இல்லை.

விடிந்ததும் எங்கள் பள்ளித் தமிழ் ஐயா ஞாபகத்துக்கு வந்தார். பகுபத உறுப்பிலக்கணம் நடத்தும்போது, எவ்வளவு பெரிய சொல்லாக இருந்தாலும் பகுதி எது, விகுதி எது என்று பிரித்துவிட்டால் பயம் போய்விடும் என்பார். பேப்பரை எடுத்து, அதே மாதிரி ஆங்கில வார்த்தைகளைப் பிரித்துப் பார்த்தேன்.

இரண்டுக்கும் முதல் ஐந்து எழுத்து ஒன்றுதான். சி, ஹெச், ஓ, எல், இ. 'கோலி' என்று வரும் இதற்குக் கிரேக்க மொழியில் பித்தம் என்று அர்த்தம். 'லித்' என்றால் கல். 'இயாசிஸ்' என்றால் அந்த நிலை. ஆக, 14 எழுத்தும் சேர்ந்து சொல்வது, பித்தக்கல் இருக்கிறது என்பதைத்தான். நம் மொழியில் நாலே எழுத்தில் 'பித்தம்' என்று முடிகிற சமாசாரத்தில்தான் அந்த நீளமே தொடங்குகிறது.

பகுதி பிடிபட்டதும், அதன் சொந்தக்காரர்கள் எல்லாம் வந்துவிட்டார்கள். 'சிஸ்ட்' என்றால் பை. 'ஐடிஸ்' என்றால் அழற்சி. அதனால் கோலிசிஸ்டைடிஸ், பித்தப்பை அழற்சி. 13 எழுத்து. 'எக்டமி' என்றால் வெட்டி எடுப்பது. கோலிசிஸ்டெக்டமி, பித்தப்பையை எடுக்கும் ஆபரேஷன். 15 எழுத்து. நாம் தினமும் பேசும் கொலஸ்ட்ராலும் இதே குடும்பம்தான். பித்தக்கல்லில் கண்டறியப்பட்ட பொருள் என்பதால் வந்த பெயர் அது. சோகத்தைக் குறிக்கும் மெலன்கொலியிலும் இந்தப் பித்தம் ஒளிந்திருக்கிறது. உடம்பில் கறுப்புப் பித்தம் கூடினால் மனசு வாடும் என்று பழைய கிரேக்கர்கள் நம்பினார்கள். நம் ஊரிலும் 'பித்தம் தலைக்கேறிடுச்சு' என்கிறோமே!

அடுத்து அந்த 19 எழுத்து. பிரித்தால், பித்தநாளத்தில் கல். கல் அங்கே போய் அடைத்தால்தான் காமாலை வரை சிக்கல். நெஞ்சு படபடக்க அந்த வரியை முதலில் இருந்து படித்தேன். வரியின் தொடக்கத்திலேயே ரெண்டே ரெண்டு எழுத்தில் ஒரு வார்த்தை இருந்தது.

'நோ.'

பித்தநாளத்தில் கல் இருப்பதற்கான அறிகுறி இல்லை என்பதுதான் முழு வரி. 19 எழுத்தைப் பார்த்து மிரண்டதில், நானும் அம்மாவும் அந்த இரண்டு எழுத்தைத் தாண்டிப் போயிருந்தோம்.

உடனே அம்மாவுக்கு போன் செய்து ஒவ்வொரு துண்டாகச் சொன்னேன். கடைசியில், "கோலின்னா நம்ம கோலிக்குண்டு மாதிரி கல்லா?" என்று கேட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கேட்ட பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

திங்கட்கிழமை டாக்டரும் அதையே சொன்னார். பித்தக்கல் இருக்கும் எல்லோருக்கும் ஆபரேஷன் தேவைப்படாது. அம்மாவுக்கு அடிக்கடி வலி வந்ததால் பித்தப்பையை எடுத்துவிடலாம் என்றார். 1985-ல் ஜெர்மனியைச் சேர்ந்த எரிக் மூஹே என்ற சர்ஜன் முதன்முதலில் செய்துகாட்டிய லேப்ராஸ்கோப்பி முறை, இன்று வழக்கமான சிகிச்சை. "பையை எடுத்துட்டா பித்தத்துக்கு என்ன பண்றது டாக்டர்?" என்றார் அம்மா. பித்தத்தைச் சுரப்பது கல்லீரல். பை அதைச் சேமித்துவைக்கும் இடம் மட்டும்தான் என்று அவர் விளக்கினார்.

இப்போது அம்மா நலம். 'கோலிசிஸ்டெக்டமி' என்று பக்கத்து வீட்டு அக்காவிடம் தடுமாறாமல் சொல்கிறார். நானும் ஹெல்த் கட்டுரையில் நீளமான வார்த்தை வந்தால், பிரித்து எழுதிவிட்டுத்தான் அடுத்த வரிக்குப் போகிறேன்.

போன வாரம் ஊருக்குப் போனபோது பீரோவில் அந்த ரிப்போர்ட்டைப் பார்த்தேன். 19 எழுத்து இருந்த வரியில், 'நோ'வைச் சுற்றி மட்டும் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டுவைத்திருக்கிறார் அம்மா.