பருத்தி பேசும் மூலனூர்

தாராபுரத்திலிருந்து கரூர் செல்லும் சாலையில் அமைந்துள்ள பேரூர் மூலனூர். மழை குறைந்த இந்த வானம் பார்த்த பூமியில் முருங்கையும் பருத்தியும் கால்நடையுமே மக்களுக்குத் துணை. வாசகர்களே, வாய்ப்புக் கிட்டினால் இங்குள்ள ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் பருத்தி ஏலம் நடைபெறும் நாளில் சென்று பாருங்கள். அண்டை மாவட்ட உழவர்களும் மூட்டைகளுடன் வந்து காத்திருப்பர். அங்கு விலைபோகும் பருத்தி, விதை நீங்கி, நூற்பாலையில் நூலாகி, திருப்பூரில் பனியனாக மாறி நம் வீடு வந்து சேர்கின்றது.

அந்நூலை நூற்ற கரங்கள் யாருடையவை என்று எண்ணிப் பார்த்ததுண்டா?

கொங்கு நாட்டு நூற்பாலைகள் பலவற்றில் 'சுமங்கலித் திட்டம்' என்றொரு முறை பல்லாண்டுகள் நிலவியது. தென்மாவட்டக் கிராமங்களுக்குத் தரகர்கள் சென்றனர். மகளை மூன்றாண்டுகள் ஆலை விடுதியில் தங்கி வேலை செய்ய அனுப்பினால், முடிவில் ரூ.30,000 முதல் 50,000 வரை மொத்தமாகத் தருவதாகக் கூறினர். திருமணச் செலவை எண்ணிக் கலங்கிய பெற்றோர் இசைந்தனர். உள்ளே சென்ற பெண்களில் பலருக்கு வெளியே செல்லத் தடை. வீட்டாருடன் பேசவும் கட்டுப்பாடு. நோயுற்று இடையில் திரும்பியவர் அத்தொகையை இழக்கவும் நேர்ந்தது. எல்லா ஆலைகளும் இவ்வாறே நடந்தன என்பது நியாயமாகாது. எனினும் 2011இல் நெதர்லாந்து அமைப்புகள் வெளியிட்ட ஆய்வறிக்கை இக்கொடுமையை உலகறியச் செய்தது.

இது புதிய கதையன்று. வால்பாறைத் தோட்டங்களில் மருத்துவராகப் பணிபுரிந்த பி.எச். டேனியல் 1969இல் ஆங்கிலத்தில் எழுதிய புதினத்தை, இரா. முருகவேள் 'எரியும் பனிக்காடு' என்று தமிழில் தந்துள்ளார். பஞ்சம் பிழைக்கத் திருநெல்வேலிச் சீமையிலிருந்து மலையேறிய ஏழைகளை முன்பணம் என்னும் கயிறு கட்டிப்போட்டதை அதில் காணலாம். அங்கே முன்னரே கொடுத்த பணம் விலங்காயிற்று. இங்கே பின்னர் தருவதாகச் சொன்ன பணம் விலங்காயிற்று. இரண்டிலும் பூட்டுக்குத் திறவுகோல் வறுமையே.

1976ஆம் ஆண்டுச் சட்டம் கொத்தடிமை முறையை ஒழித்தது. குறைந்தபட்சக் கூலிக்கும் குறைவாகக் கொடுத்து வேலை வாங்குவதும் கட்டாய உழைப்பே என 1982இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உழைப்பவரின் வியர்வை உலருமுன் கூலி வழங்கப்பட வேண்டும் என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் காட்டிய நெறி. மூன்றாண்டுகள் நிறுத்தி வைக்கும் கூலி இவற்றில் எதற்குப் பொருந்தும்?

ஆலை முதலாளியை மட்டும் குறை கூறி நாம் ஒதுங்கிவிட இயலாது. பெண்ணுக்கு மஹர் கொடுத்து மணமுடிக்க வேண்டிய நம்மவரிடையேயும் கைக்கூலி கேட்கும் வழக்கம் நுழைந்துவிட்டதே! அந்தக் கேள்விதான் ஏழைப் பெண்ணை விடுதி வாயில்வரை கொண்டு சேர்க்கின்றது.

உங்கள் தெருவிலிருந்து ஒரு பெண் ஆலை வேலைக்குப் புறப்பட்டால், மாதந்தோறும் கூலி கைக்கு வருமா, விரும்பியபோது வீடு திரும்ப இயலுமா என்று கேளுங்கள். பதினெட்டு வயது நிரம்பாதவர் துன்புறுவதாக அறிந்தால் 1098, பெண்களுக்கு 181 ஆகிய எண்களில் தெரிவியுங்கள். மூலனூர்ப் பருத்தியின் வெண்மைக்குக் களங்கம் நேராதிருக்க நம்மாலான கடமை இதுவாகும்.