கழுத்தில் ஓர் இலை

ஓசூர் சிப்காட்டில் பதினோரு வருடங்கள் வேலை பார்த்தேன். கழுத்தில் அடையாள அட்டை தொங்காமல் எங்கள் தொழிற்சாலை வாசலைத் தாண்ட முடியாது. நிரந்தரத் தொழிலாளிக்கு நீல நாடா, ஒப்பந்தத் தொழிலாளிக்கு மஞ்சள். கேன்டீனில் எந்த மேசையில் உட்காரலாம் என்பதையும் அந்த நிறமே தீர்மானித்தது. முதல் ஆறு வருடங்கள் என் நாடா மஞ்சள். நீலம் கிடைத்த அன்று அதைக் கழற்றாமலேயே வீட்டில் சாப்பிட உட்கார்ந்தேன். அம்மா சிரித்தாள்.

அந்த மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை தொரப்பள்ளிக்குப் போயிருந்தேன். ஓசூரை அடுத்த இச்சிற்றூரில்தான் 1878 டிசம்பரில் ராஜாஜி பிறந்தார். அன்று சேலம் மாவட்டம், இன்று கிருஷ்ணகிரி. முன்சீப்பின் மகனாக அவர் பிறந்த வீடு இப்போது அரசின் நினைவில்லம். அங்கே நின்றபோது என் மனம் பாரத ரத்னா பதக்கத்தைச் சுற்றி வந்தது. 1954இல் அவ்விருது தொடங்கப்பட்டபோது முதலில் பெற்ற மூவர் ராஜாஜி, ராதாகிருஷ்ணன், சி.வி. ராமன். 2024 வரை பெற்றவர்கள் மொத்தம் 53 பேர்தான்.

கழுத்தணி என்பது அடிப்படையில் அரசர்களின் வழக்கம். யார் சிம்மாசனத்துக்கு நெருக்கமானவர் என்பதை அது சபைக்குச் சொல்லும். 1861இல் ஆங்கிலேயர் ஏற்படுத்திய 'ஸ்டார் ஆஃப் இந்தியா' விருதின் உயர்ந்த படிக்கும் அத்தகைய ஆரம் இருந்தது. அரசனைத் துறந்த குடியரசுகள் இதில் சற்றுச் சங்கடப்பட்டிருக்கின்றன. பிரான்ஸின் 'லெஜியன் தோனர்' விருதின் பேராரத்தைப் புதிய அதிபர் முன் கொண்டுவந்து காட்டுகிறார்கள், கழுத்தில் போடுவதில்லை.

நம் அரசியல் சட்டத்தின் 18ஆம் பிரிவு பட்டங்களையே ஒழித்தது. ஆகவே பாரத ரத்னாவை மிக எளிமையாக அமைத்தார்கள். முதல் அறிவிப்பில் வட்டமான தங்கப் பதக்கம். 1955இல் அது அரச இலை வடிவம் பெற்றது: வெண்கல நிறம், நடுவில் பிளாட்டினச் சூரியன், கழுத்தில் தொங்கவிட வெள்ளை நாடா. பணமுடிப்பு கிடையாது. இவ்விருதுகள் பட்டங்கள் ஆகா, ஆனால் பெயருக்கு முன்னும் பின்னும் அவற்றைப் போட்டுக்கொள்ளக் கூடாது என்று 1995 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

விருது தொடங்கிய அதே 1954 ஏப்ரலில், குலக்கல்வித் திட்டம் என்று எதிர்ப்பாளர்கள் அழைத்த அரைநாள் பள்ளித் திட்டத்துக்கு எழுந்த கடும் எதிர்ப்பின் நடுவே ராஜாஜி முதல்வர் பதவியை விட்டு விலகினார். தகப்பன் தொழிலோடு பிள்ளையைப் பிணைக்கும் அத்திட்டத்தை என்னால் ஏற்க முடியாது. ஆனால் 1959இல், தன்னைக் கௌரவித்த அதே ஆளும் கட்சியை எதிர்க்க அவர் சுதந்திராக் கட்சியைத் தொடங்கியதை நினைத்துப் பார்க்கிறேன். கழுத்தில் விழுந்த அணி அவருக்குக் கயிறாகிவிடவில்லை.

என் நாடா எனக்குக் கயிறாகியிருந்தது. நீலம் வந்தபின் ஆறு வருடம் கூட உட்கார்ந்து சாப்பிட்டவர்களின் மேசைக்கு நான் ஒருமுறைகூடப் போகவில்லை. யாரும் தடுக்கவில்லை, நானே போகவில்லை.

மறுநாள் அட்டையைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு மஞ்சள் மேசையில் போய் உட்கார்ந்தேன். பேசிக்கொண்டிருந்தவர்கள் சட்டென்று நிறுத்திவிட்டார்கள். பிறகு ஒருவர் ரசப் பாத்திரத்தை என் பக்கம் நகர்த்தினார்.