துறைகளும் தவிசாளர் நாற்காலிகளும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆறு இல்லை என்று சின்ன வகுப்பில் படித்திருப்போம். மழைக்காலத்தில் மட்டும் ஓடுகின்ற வழுக்கையாற்றை விட்டால், ஆறு என்று பேர் பெற்றது தொண்டைமானாறு. அதுவும் உண்மையில் ஆறு அல்ல. கடலிலிருந்து நிலத்துக்குள்ளே நீண்டு கிடக்கும் நீரேரியின் வாய்தான் அது. முன்னொரு காலத்தில் கருணாகரத் தொண்டைமான் என்பவன் உப்பு ஏற்றிச் செல்வதற்காக அந்த வாயை வெட்டி ஆழமாக்கினான் என்று ஊரிலே கதை சொல்வார்கள். பின்னாளில் உவர்நீர் உள்ளே ஏறாமல் தடுப்பதற்கு அதற்குக் குறுக்கே அணை கட்டப்பட்டது.

அந்த ஆற்றங்கரையில் இருக்கும் செல்வச் சந்நிதி முருகனிடம் ஒரு வெள்ளிக்கிழமை போயிருந்தேன். கூட வந்தவள் என் பெறாமகள். சாதாரண தரம் படிக்கிறாள். மடத்தில் அன்னதானச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டு வெளியே வரும்போது அவள் கேட்டாள்:

“சின்னம்மா, எங்கட ஊர்களில முந்தித் தவிசாளராக இருந்த ஆக்கள் ஆர் ஆர்? பள்ளிக்கூடத்தில எழுதிக்கொண்டு வரச் சொன்னவை.”

எனக்கு இரண்டு மூன்று பெயருக்கு மேல் வரவில்லை. வெட்கமாகப் போய்விட்டது. வீடு திரும்பும் வழியெல்லாம் துறைமுக ஊர்கள்தானே, போகிறபோக்கில் பார்த்துக்கொண்டும் கேட்டுக்கொண்டும் போவோம் என்று பஸ் ஏறினோம்.

ஆணையாளர் வேறு, தவிசாளர் வேறு

பஸ் கரையோர வீதியால் வல்வெட்டித்துறைக்குப் போனது. வல்வெட்டித்துறையார் கடலோடிகள். இங்கே கட்டிய ‘அன்னபூரணி’ என்ற பாய்க்கப்பல் 1938ஆம் ஆண்டு ஓகஸ்ட் 1ஆம் திகதி அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகத்தைப் போய்ச் சேர்ந்தது. இவ்வளவு பெருமை உள்ள ஊருக்கு ஒரு நகரசபை இருக்கிறது. பக்கத்தில் பருத்தித்துறைக்கும் ஒன்று. சாவகச்சேரிக்கும் ஒன்று. யாழ்ப்பாணத்துக்கு மாநகரசபை. மிச்ச ஊர்களுக்குப் பதின்மூன்று பிரதேச சபைகள். யாழ் மாவட்டத்தில் எல்லாமாகப் பதினேழு.

இந்தச் சபைகளில் இரண்டு வகையான ஆட்கள் இருக்கிறார்கள். ஆணையாளர், செயலாளர் என்போர் அரசாங்கம் நியமிக்கும் உத்தியோகத்தர்கள். தவிசாளர், மாநகர முதல்வர், உறுப்பினர் என்போர் நாங்கள் வாக்குப் போட்டு வந்தவர்களும் அவர்களுக்குள்ளே தெரிவானவர்களும். தேர்தல் நடக்காவிட்டால் இந்த இரண்டாவது வகை ஆட்கள் இல்லாமற் போவார்கள். ஒழுங்கையில் விளக்கு எரியாவிட்டாலும், சந்தைக்குள் வெள்ளம் நின்றாலும் உத்தியோகத்தரிடம் மனுக் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டியதுதான். “உங்களுக்கு வாக்குப் போட்டனாங்கள்” என்று சொல்லிக் கேட்பதற்கு ஆள் இராது.

அப்படி ஆள் இல்லாத காலம் எங்களுக்கு மிக நீண்டது. 1983 மே 18இல் பகிஷ்கரிப்புக்கு நடுவே ஒரு தேர்தல் நடந்தது. மிகச் சிலரே வாக்களித்தார்கள். அதற்குப் பிறகு 1998 ஜனவரி 29 வரைக்கும் பதினைந்து வருடம் தேர்தல் இல்லை. 1983இல் பிறந்த பிள்ளை பதினைந்து வயதாகும்வரை தன் ஊரில் ஒரு சபைத் தேர்தலைக் கண்டதில்லை. அடுத்த தேர்தல் மாநகரசபைக்கு 2009 ஓகஸ்டில் நடந்தது. மற்றச் சபைகளுக்கு 2011 ஜூலையில் நடந்தது. பிறகு 2018 பெப்ரவரி 10. அந்தச் சபைகளின் காலம் 2023 மார்ச்சில் முடிந்தது. நிதி இல்லை என்று தேர்தல் பிற்போடப்பட்டதால் இரண்டு வருடம் மறுபடியும் உத்தியோகத்தர் கையில் இருந்தது. 2025 மே 6இல்தான் மீண்டும் வாக்களித்தோம்.

வெறுமையாய்க் கிடந்த நான்கு ஆசனங்கள்

பொலிகண்டியைக் கடந்து பருத்தித்துறையில் இறங்கினோம். வெளிச்சவீடு, தெருமூடிமடம், கடற்கரையோரம் காயும் வலைகள் எல்லாவற்றையும் பிள்ளைக்குக் காட்டினேன். சந்தையடியில் பருத்தித்துறை வடை வாங்கினோம்.

இந்த ஊரின் பெயரோடு ஒரு பழைய கதை இருக்கிறது. 1931இல் இலங்கையில் இருபத்தொரு வயது வந்த ஆண், பெண் எல்லோருக்கும் வாக்குரிமை கிடைத்தது. படிப்பு வேண்டாம், காணி வேண்டாம். எங்கள் பாட்டிமாருக்கும் சட்டத்தில் அந்த உரிமை வந்தது. ஆனால் அந்தத் திட்டம் பூரண சுயராச்சியம் தரவில்லை என்று யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் பகிஷ்கரிப்புக்கு அழைத்தது. யாழ்ப்பாணம், காங்கேசன்துறை, பருத்தித்துறை, ஊர்காவற்றுறை ஆகிய நான்கு தொகுதிகளிலும் வேட்புமனுப் போட ஆள் இல்லை. நான்கும் துறைமுக ஊர்களின் பெயர்கள். அரசாங்க சபையில் அந்த நான்கு ஆசனங்களும் 1934 வரை வெறுமையாய்க் கிடந்தன. அந்த ஆண்டில்தான் பருத்தித்துறையில் ஜீ.ஜீ. பொன்னம்பலம் தெரிவானார்.

இதற்கிடையில் 1932இல் கொழும்பு வடக்கில் நேசம் சரவணமுத்து என்ற தமிழ்ப் பெண் தெரிவாகி அரசாங்க சபைக்குள்ளே போய்விட்டார். யாழ்ப்பாணத்துப் பெண்கள் இன்னும் முதல் வாக்கையே போட்டிருக்கவில்லை.

பகிஷ்கரித்தவர்களின் நோக்கம் பெரியது. அதைக் குறை சொல்ல நான் வரவில்லை. ஆனால் ஆசனம் வெறுமையாய்க் கிடந்த மூன்று வருடமும் எங்கள் குடாநாட்டுக்காக அங்கே எழுந்து பேச ஆள் இல்லை என்பதும் உண்மை.

பஸ்ஸில் ஒரு அம்மா

பருத்தித்துறையில் 750ஆம் இலக்க பஸ் ஏறினோம். நெல்லியடியில் ஒரு வயதான அம்மா வந்து பக்கத்தில் இருந்தார். மடியில் ஒரு கடகம் மரக்கறி. பிள்ளை கொப்பியில் எழுதுவதைக் கண்டுவிட்டு என்னவென்று கேட்டார். சொன்னோம்.

“பெரிய ஆக்கள எழுதிறாய், சரி. எங்கட வட்டாரத்துப் பிள்ளையையும் எழுது மோனை. புருசன் செத்து, மூண்டு பிள்ளையளோட நிண்டவள். அந்த முறை பொம்பிளையளும் வேணுமெண்டு கேக்க நிண்டு, வந்திட்டாள். நாலு வருசமா இருட்டாக் கிடந்த ஒழுங்கைக்கு அவள்தான் போய்ப் போய்க் கேட்டு லைற் போடுவிச்சவள். இப்ப என்ர பேத்தி ரியூசனுக்குத் தனியப் போய் வாறாள்.”

வல்லை வெளியின் காற்றில் அந்த அம்மாவின் குரல் பாதிதான் கேட்டது. ஆனால் பிள்ளை முழுவதையும் எழுதிக்கொண்டாள்.

“பொம்பிளையளும் வேணும்” என்று அவர் சொன்னது 2016ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தை. உள்ளூராட்சி மன்றங்களில் நூற்றுக்கு இருபத்தைந்து இடம் பெண்களுக்கு என்று அது சொன்னது. அதற்கு முன்னர் முழு இலங்கையிலும் உள்ளூராட்சி உறுப்பினர்களில் பெண்கள் நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை. 2018 தேர்தலில்தான் இந்தச் சட்டம் முதன்முறை நடைமுறைக்கு வந்தது. கட்சி எதுவாயினும், விதவைப் பெண்களும் தையல் தைப்பவர்களும் முன்பள்ளி ஆசிரியைகளும் சபைக்குள் போனார்கள்.

நல்லூரில் ஒரு கட்டடம்

கோப்பாய் கழிந்து நல்லூர் வந்தது. கந்தசுவாமி கோயிலைக் கும்பிட்டுவிட்டு, பருத்தித்துறை வீதியில் இருக்கும் மாநகரசபைக் கட்டடத்தைப் பிள்ளைக்குக் காட்டினேன். கோட்டைக்கு எதிரே இருந்த பழைய நகர மண்டபம் யுத்தத்தில் அழிந்துபோக, சபை இங்கே வந்து இயங்கியது.

யாழ்ப்பாணம் மாநகரசபையானது 1949இல். முதலாவது முதல்வர் சாம் சபாபதி. பொது நூலகத்தை 1959 ஒக்டோபரில் திறந்துவைத்தவர் அன்றைய முதல்வர் அல்பிரட் துரையப்பா. 1981இல் எரிக்கப்பட்டபோது அங்கே 97,000 அளவில் நூல்கள் இருந்தன. உலகமே அழுத அந்த நூலகம் ஒரு உள்ளூராட்சி சபையின் சொத்து என்பதைப் பலர் யோசிப்பதில்லை. சோலைவரி கட்டிய சனத்தினதும், காசு சேர்த்துக் கொடுத்தவர்களினதும் சொத்து அது.

துரையப்பா 1975 ஜூலை 27ஆம் திகதி பொன்னாலை வரதராஜப் பெருமாள் கோயிலடியில் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்த நாற்காலியில் அதற்குப் பிறகும் இரத்தம் பட்டது.

1998 ஜனவரித் தேர்தலுக்குப் பின்னர் யாழ்ப்பாணத்தின் முதலாவது பெண் முதல்வராக வந்தவர் திருமதி சரோஜினி யோகேஸ்வரன். அவருடைய கணவர், முன்னாள் பாராளுமன்ற உறுப்பினர் வெ. யோகேஸ்வரன், 1989 ஜூலை 13இல் கொழும்பில் அ. அமிர்தலிங்கத்தோடு சேர்த்துக் கொல்லப்பட்டவர். ஒன்பது வருடம் விதவையாய் இருந்த பெண், கணவனைப் பறித்த அதே அரசியலுக்குள், குண்டும் சோதனைச் சாவடியும் நிறைந்த ஊருக்குள் வந்து அந்த நாற்காலியில் இருந்தார். அதே ஆண்டு மே 17ஆம் திகதி அவருடைய வீட்டிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார்.

அடுத்து முதல்வரானவர் பொன். சிவபாலன். அவர் செப்ரெம்பர் 11ஆம் திகதி, நாங்கள் பார்த்துக்கொண்டு நின்ற அந்த நல்லூர்க் கட்டடத்திலே கூட்டம் நடந்துகொண்டிருந்தபோது குண்டு வெடித்துப் பலரோடு இறந்தார். ஒரே வருடத்தில் இரண்டு முதல்வர்கள். 2001இல் முதல்வராக இருந்து பிறகு பாராளுமன்றம் போன நடராஜா ரவிராஜ் 2006 நவம்பர் 10இல் கொழும்பில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

பிள்ளை எழுதுவதை நிறுத்திவிட்டாள்.

“சின்னம்மா, வாய்க்கால் வெட்டவும் குப்பை அள்ளவும் இருக்கிற வேலைக்கே இவ்வளவு பேரும் செத்தவை?”

ஓம் என்றுதான் சொன்னேன். வேறு என்ன சொல்ல? அந்த வேலை சின்ன வேலை அல்ல என்று அவர்களைக் கொன்றவர்களுக்குத் தெரிந்திருந்தது. எங்களுக்குத்தான் தெரியாமற் போயிற்று.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. 2009இல் யோகேஸ்வரி பற்குணராஜா இரண்டாவது பெண் முதல்வரானார். 2025 ஜூனில் விவேகானந்தராஜா மதிவதனி மூன்றாவது பெண்ணாக அந்த நாற்காலிக்கு வந்தார். ஒரு பெண் கொல்லப்பட்ட இடத்துக்கு இன்னும் இரண்டு பெண்கள் பயப்படாமல் வந்தார்கள். அவர்களுடைய கட்சி உங்களுக்குப் பிடிக்கலாம், பிடிக்காமற் போகலாம். வந்தார்கள் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

பண்ணைக் கரையில்

கடைசியாகப் பண்ணைக் கரைக்கு நடந்தோம். கோட்டை மதிலுக்குப் பின்னால் வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. தீவுப் பக்கம் போகும் பஸ்கள் பாலத்தில் வரிசையாய்ப் போயின. குருநகர்ப் பக்கம் வள்ளங்கள் கரையேறின.

சகோதரிகளே, எங்களிலே அநேகம் பேர் கச்சேரி, பிரதேச செயலகம், முகாம், ஆணைக்குழு என்று படியேறி அலுத்தவர்கள். காணாமற்போன பிள்ளைக்காக, காணிக்காக, இறப்புப் பத்திரத்துக்காக எத்தனை மனு எழுதியிருப்போம். அந்த அலுப்பில் உள்ளூர்ச் சபையின் வாசலை மறந்துவிட்டோம். உங்கள் ஒழுங்கையின் விளக்கு, சந்தையில் பெண்களுக்கு மலசலகூடம், முன்பள்ளிக் கூரை, ஊர் நூலகம், சுடலைக்குப் போகும் பாதை, மழைவெள்ளம் வடியும் வாய்க்கால் இவையெல்லாம் அங்கேதான் முடிவாகின்றன. உங்கள் வட்டாரத்து உறுப்பினர் யாரென்று விசாரித்துக்கொள்ளுங்கள். தனியே போகத் தயக்கமென்றால் மாதர் சங்கத்திலிருந்து ஐந்து பேராகப் போங்கள். கோரிக்கையை எழுத்தில் கொடுத்து, ஒரு பிரதியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். உங்களில் ஒருவர் அடுத்த முறை வேட்பாளராக நின்றால் இன்னும் நல்லது.

பஸ் நிலையத்துக்குத் திரும்பும்போது பிள்ளை கொப்பியைக் காட்டினாள். சபாபதி, துரையப்பா, சரோஜினி, சிவபாலன், ரவிராஜ், யோகேஸ்வரி, மதிவதனி என்று வரிசையாய் எழுதியிருந்தாள். கடைசி வரியில், பெயர் தெரியாததால், “ஒழுங்கைக்கு லைற் போடுவித்த அக்கா” என்று இருந்தது.

அந்த வரியை வெட்டவேண்டாம் என்று சொன்னேன்.