துண்டாய் வரும் பெயர்

எமது கல்லூரி விழாக் காணும் இவ்வேளையில், கணினித் தொழிலை மேற்கொண்ட பழைய மாணவராகிய நாம், அத்தொழிலில் அன்றாடம் கையாளும் முறையொன்றைப் பற்றி இம்மலரிற் சில வார்த்தை சொல்ல விழைகின்றோம். பொருள் புதிதெனினும் மலைநாட்டார்க்கு அது முற்றிலும் அந்நியமானதன்று.

2003ஆம் ஆண்டு தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவின் கட்டுரைகள் அனைத்தும் ஒரே கோப்பாகவும் கிடைக்கின்றன. அதிலிருந்து மலையகத்து ஊர்ப்பெயர்களைத் தொகுத்தெடுக்க நாம் முற்பட்டோம். அக்கோப்பு எக்ஸ்எம்எல் என்னும் குறிமொழியில் அமைந்தது. 1998 பெப்ரவரியில் நியமமாக வெளிவந்த அம்மொழியில், ஒவ்வொரு செய்தியும் தொடக்கக் குறிக்கும் முடிவுக் குறிக்கும் இடையே வைக்கப்படும். பக்கத்தினுள் தலைப்பு, தலைப்பினுள் எழுத்து என ஒன்றனுள் ஒன்றாய் அவை அடங்கியிருக்கும்.

இத்தகைய கோப்பைப் படிக்க இரு வழிகள் உள. முழுவதையும் நினைவகத்தில் ஏற்றி, கிளைகளுடைய மரமாக நிறுத்துவது ஒன்று. சிறிய கோப்புக்கு அது நன்று. பெருங்கோப்பாயின் நினைவகம் தாங்காது. மற்றையது, படிக்கப் படிக்க நேர்வனவற்றை ஒவ்வொரு நிகழ்வாக அறிவிப்பது. டேவிட் மெகின்சன் முதலியோர் 1998 மே மாதத்தில் வெளியிட்ட சாக்ஸ் என்னும் முறை இவ்வழியது. கொழுந்து மடுவத்தை அறிந்தோர்க்கு இது எளிதில் விளங்கும். மலை முழுவதன் கொழுந்தும் ஓரிடத்திற் குவியும்வரை கணக்கப்பிள்ளை காத்திருப்பதில்லை. ஒவ்வொரு கூடையாக நிறுக்க நிறுக்கப் பெயருக்கு நேரே பதிந்துகொண்டு போகின்றார் அன்றோ?

பொருள்நோக்கு நிரலாக்கத்தில் அந்நிகழ்வுகள் தனித்தனிப் பொருள்களாகவே உருப்பெறுதல் கூடும். ஜாவா மொழிக்கென 2004இல் வந்த ஸ்டாக்ஸ் முறையில் தொடக்க நிகழ்வு, எழுத்து நிகழ்வு, முடிவு நிகழ்வு என்பன வெவ்வேறு வகுப்பின. ஆயினும் யாவும் 'நிகழ்வு' என்னும் பொதுவகையைச் சார்ந்தன. ஆதலின் அவற்றை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குக் கொடுக்கலாம், வரிசையில் நிறுத்தலாம், வேண்டாதவற்றை விலக்கலாம். பெறும் பகுதியை மாற்றினாலும் படிக்கும் பகுதியைத் தொடவேண்டுவதில்லை.

எனினும் இவ்வசதிக்கு ஒரு விலையுண்டு. நிகழ்வு தன்னை மட்டுமே அறியும். தனக்கு முன் வந்ததையோ பின் வருவதையோ அறியாது. ஒரே தலைப்பின் எழுத்துக்கள் சில வேளை இரண்டு மூன்று துண்டுகளாக வந்து சேர்தலும் முறைக்கு மாறானதன்று. 'நுவரெலியா' என்னும் பெயர் நமது கண்ணுக்கு ஐந்தெழுத்து. யூனிகோடு முறைப்படி கணினிக்கோ ஒன்பது குறியீடு. எமக்குக் கிடைத்த பழைய நிரலொன்று வரும் துண்டு ஒவ்வொன்றையும் முழுப்பெயராகவே கொண்டது. அதனால் 'நுவர' ஒரு பெயராகவும், உயிர்மெய்யினின்று பிரிந்த கொம்போடு 'லியா' மற்றொன்றாகவும் பட்டியலில் ஏறின. நுவர என்பது சிங்கள வழக்கிற் கண்டி நகரன்றோ! ஊரே மாறிவிட்டது, நிரலோ பிழையெதனையும் அறிவிக்கவில்லை.

பரிகாரம் எளிது. தொடக்க நிகழ்வு வந்ததும் வெறும் ஏடொன்றைத் திறத்தல் வேண்டும்; எழுத்து நிகழ்வுகளை வந்த ஒழுங்கில் அதிற் சேர்த்தல் வேண்டும்; முடிவு நிகழ்வு வந்த பின்னரே பெயரென ஏற்றல் வேண்டும். எந்தக் குறியினுள் நிற்கின்றோம் என்பதையும் ஓர் அடுக்கில் வைத்துக் காத்தல் வேண்டும்.

சிறு பிழைக்கு இத்துணைப் பேச்சு எதற்கு என மாணவர் வினவலாம். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவராகிய எம் முன்னோர், மறு ஆண்டின் சட்டத்தின்கீழ் விண்ணப்பித்தபோது, இந்நாட்டில் இத்தனை ஆண்டு இடையறாது வாழ்ந்தோம் என நிறுவவேண்டியவராயினர். தாளிலுள்ள பெயரும் தோட்டமும் வாழ்வையே நிருணயித்த காலம் அது. அத்தகைய பதிவுகள் இன்று கணினியில் ஏறுகின்றன. அவற்றைப் படிக்கும் நிரல்களை எழுதப்போகின்றவர்கள் இக்கல்லூரியின் வாங்குகளில் இன்று அமர்ந்திருக்கும் இளைஞரே. முடிவுக் குறி வருமுன் ஒருவர் பெயரை எழுதி முடித்துவிடாதீர் என்பதே அவர்க்கு நாம் சொல்லவிரும்புவது.